பத்துமலைக்குப் போன சடக்கு

கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்ட மக்கள் தைப்பூசத்திற்குக் கோலாலம்பூர் சென்றுவந்த வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் காவடியிலிருந்தே தொடங்குவர். நாம் சடக்கிலிருந்து தொடங்குகிறோம். சாலைக்கு இந்நாட்டுத் தோட்டத் தமிழர் வழங்கிய பெயர் சடக்கு. வடஇந்திய மொழிகளின் 'சடக்' என்னும் சொல்லின் வழியில் வந்தது. கப்பலேறி வந்த மக்கள் இங்கு நடந்த முதல் நெடுவழிக்கே அயற்சொல் ஒன்றைத் தமிழாக்கிக் கொண்டனர்.

செகிஞ்சானைச் சீனர் எழுதும் பெயருக்கு 'உழவுக்கு ஏற்ற ஊர்' என்பது பொருள். நெல்லும் மீனும் அவ்வூரின் வாழ்வு. தமிழர் செறிந்து வாழ்ந்தது அதற்குத் தெற்கே, கித்தாக் காடுகள் பரந்த பகுதிகளில். 'கெத்தா' என்னும் மலாய்ச் சொல்லே தமிழர் வாயில் கித்தா ஆயிற்று. நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் தோன்றியதும் இவ்வட்டாரத்தில்தான்; அத்தோட்டத்தின் பெயர் தென்னமரம். செம்பனையின் வரலாறு தென்னையின் பெயரில் தொடங்குவது நமக்கு எப்போதும் புன்னகை தரும் செய்தி.

தைப்பூசம் நெருங்கும்போது லயங்களிலிருந்து லாரிகள் புறப்படும். செகிஞ்சான், தஞ்சோங் காராங் பக்கத்தவர் கடலோரச் சடக்கில் கோலசிலாங்கூர் வந்து, புக்கிட் ரோத்தான், ஈஜோக், சுங்கை பூலோ, கெப்போங் வழியாகத் தலைநகரை அடைவர். பாய், சோற்று மூட்டை, குழந்தைகள் என அனைத்தும் லாரியின் பின்பக்கத்தில். பிரட்டுக்கு மணியடிக்காத விடியலைப் பலரும் கண்டது அந்த நாள்களில்தான்.

நகரில் அவர்களுக்கு வழிகாட்டியது தேர். தம்புசாமிப் பிள்ளை 1873இல் நிறுவிய மகா மாரியம்மன் கோயில் பின்னர் ஹை ஸ்ட்ரீட்டில் நிலைபெற்றது. இன்று அத்தெரு துன் எச்.எஸ். லீ சாலை. அங்கிருந்து இரவில் புறப்படும் தேர், நெருக்கடி மிகுந்த கடைத்தெருக்களைக் கடந்து, ஈப்போ சாலை வழியாகப் பத்துமலையை அடைகிறது. 1892 முதல் அம்மலையில் தைப்பூசம் கொண்டாடப்படுகிறது. ஏறத்தாழ எட்டு மைல் நீளும் அவ்வழியில் தேரின் பின்னே நடந்தவர் எழுத்தறியாதவராயினும் நகரில் வழி தவறியதில்லை.

மொழியியலார் நம்மை ஈர்ப்பது அந்த நடையில் நிகழ்ந்த கலப்பு. கங்காணி தம் ஊராரையும் உறவினரையும் அழைத்து வந்ததால், ஒரு தோட்டத்தில் பெரும்பாலும் ஒரே வட்டாரத்துப் பேச்சே நிலவியது. உதவியுடன் கூடிய தொழிலாளர் குடியேற்றத்தை இந்திய அரசு 1938இல் தடைசெய்த பின்னர், புதிய பேச்சுகள் ஊரிலிருந்து வருவதும் குறைந்தது. தேர்ப்பாதையிலோ நிலை வேறு. ஈப்போ சாலையில் செட்டியார்களின் தண்டாயுதபாணி கோயில். அருகே செந்தூல் இரயில் பட்டறையைச் சூழ்ந்து யாழ்ப்பாணத்தார். தண்ணீர்ப் பந்தல்தோறும் வெவ்வேறு தோட்டத்தார். சேலத்துப் பேச்சும் தஞ்சைப் பேச்சும் யாழ்ப்பாணத் தமிழும் ஒரே குவளை மோருக்கு நின்ற இடம் அது. மலேசியத் தமிழ் என்று இன்று நாம் சுட்டும் பொதுவழக்கு உருவாவதில் பள்ளிக்கும் வானொலிக்கும் உள்ள பங்கு பலமுறை பேசப்பட்டுள்ளது. இந்தச் சடக்கின் பங்கையும் அவற்றோடு சேர்க்க வேண்டும் என்பது நம் கருத்து.

பத்துமலை என்னும் பெயரையே பாருங்கள். அம்மலையை ஒட்டி ஓடும் ஆறு சுங்கை பத்து. 'பத்து' மலாய்மொழியில் கல். ஆனால் தோட்டத்து மூதாட்டி ஒருவர் விரல்விட்டு எண்ணி நமக்கு வேறு கணக்குச் சொன்னார்: ஊரில் ஆறுபடை வீடு, இங்கே பினாங்குத் தண்ணீர்மலை ஏழு, ஈப்போக் கல்லுமலை எட்டு, மலாக்காச் சன்னாசிமலை ஒன்பது, ஆகவே இது பத்து. நாம் இளம் ஆய்வாளராக இருந்தபோது இதனைப் 'பொய்ச் சொற்பிறப்பு' என்று எழுதி ஒதுக்கினோம். சொற்பிறப்பு என்ற அளவில் அது பிழையே, அதில் மாற்றமில்லை. எனினும் ஒதுக்கியது நம் அவசரம். தாய்நாட்டு ஆறு தலங்களையும் வந்த நாட்டு நான்கையும் ஒரே வரிசையில் எண்ணியவர், தாம் எங்கே வேரூன்றிவிட்டார் என்பதை அந்த எண்ணில் பதிந்து வைத்திருக்கிறார். கல்லுமலை, பத்துமலை இரண்டும் உண்மையில் ஒரே பெயர். ஒன்று தமிழில், மற்றொன்று மலாயில். அவரோ இரண்டையும் தனித்தனியே எண்ணினார்.

'பத்து' மலாயில் மைல்கல்லையும் மைலையும் குறிக்கும். பத்து தீகா என்னும் ஊர்ப்பெயர் மூன்றாம் மைல் என்றே பொருள்படும். தமிழர் அதே முறையில் 'கட்டை' என்றனர்: மூணாங்கட்டை, ஆறாங்கட்டை. லாரிப் பயணத்தின் கணக்கெல்லாம் கட்டையில்தான்.

தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. 2010 முதல் கொமூட்டர் இரயில் பத்துமலை அடிவாரத்திலேயே நிற்கிறது. 1940இல் கட்டப்பட்ட 272 படிகளும் அங்கேதான் இருக்கின்றன. ஏறுவோர் வரும் வழிதான் மாறிவிட்டது. அண்மையில் இவ்வட்டார மாணவர் சிலரிடம் 'எட்டாங்கட்டை' என்றால் என்ன என்று கேட்டோம். அடுப்புக்கு எட்டாவது விறகு என்றான் ஒருவன். அவனுடைய பாட்டி அருகில்தான் அமர்ந்திருந்தார். எந்தச் சடக்கில், எந்தக் கடைக்கு எதிரே அந்தக் கட்டை நின்றது என்று அவர் சொல்லத் தொடங்கினார்.