எழுதும் கையின் நோவு

சரித்திர நூல்கள் அரசாணைகளைப் பற்றி நிரம்பக் கூறும். அவ்வாணைகளைப் படியெடுத்த கைகளைப் பற்றிக் கூறுவது அரிது. இன்று கணினியின் முன் அமர்ந்து கழுத்து நோவாலும் கைவலியாலும் வருந்துவோர் அதனைத் தம் உடலின் குறை என்றே எண்ணுகின்றனர். ஆயின், இந்நோவுக்கு முந்நூறு ஆண்டுச் சரித்திரம் உண்டு. அது தொழிலின் சரித்திரமேயாகும்.

இத்தாலிய வைத்தியப் பேராசிரியர் பெர்னார்டினோ ரமாசினி, தொழிலாளரின் நோய்களைப் பற்றிய தமது நூலை 1700இல் மொடேனாவில் வெளியிட்டார். நோயாளி செய்யும் தொழில் யாது என்பதையும் வைத்தியர் வினவுதல் வேண்டும் என அவர் வற்புறுத்தினார். 1713ஆம் ஆண்டின் விரிந்த பதிப்பில் எழுத்துவேலை செய்வோரையும் சேர்த்துக்கொண்டார். ஓயாது அமர்ந்திருத்தல், கையை ஒரே விதமாக இடைவிடாது அசைத்தல், பிழை நேராதிருக்க மனம் படும் அழுத்தம் ஆகிய மூன்றுமே அவர்தம் நோய்க்குக் காரணம் என்றார். வலக்கை செயலிழந்தபின் இடக்கையால் எழுதப் பழகிய ஒருவரைப் பற்றியும் அவர் குறிப்பிடுகின்றார். சிறிது காலத்தில் இடக்கையையும் அதே நோய் பற்றிக்கொண்டது. கை மாறிற்று, வேலைமுறை மாறவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தந்தி வந்தது. மோர்ஸ் விசையை நாள்தோறும் ஆயிரக்கணக்கான தடவை தட்டிய ஊழியரின் கைகள் விறைத்தன. பிரித்தானியாவில் 1908இல் இந்நோய் நட்டஈட்டுக்குரிய தொழில்நோய்களுள் ஒன்றாக ஏற்கப்பட்டது. பின்னர் இதனை ஆராய அமைந்த அரசாங்கக் குழு, 1911இல் தந்த அறிக்கையில், தொடர்ந்த களைப்போடு ஊழியரின் நரம்பு உறுதியின்மையையும் ஒரு காரணமாகக் காட்டிற்று. நோவுக்கான பழியில் ஒரு பங்கை நோவுற்றவர் மீதே சுமத்தும் வழக்கம் இதனோடு ஒழியவில்லை. 1980களில் அவுஸ்திரேலியாவில் விசைப்பலகை ஊழியரிடையே கைவலி பரவியபோதும், அது மனத்தின் கோளாறே என வாதிட்ட வைத்தியர் இருந்தனர்.

யப்பானின் வழி வேறு. துளையட்டை இயந்திரங்களில் வேலைசெய்தோரிடையே கழுத்தும் தோளும் கையும் நோவது பெருகியதால், தொழில் அமைச்சு 1964இல் ஒரு வரம்பு விதித்தது. விசைப்பலகை வேலை நாளொன்றுக்கு 5 மணித்தியாலத்தையும் 40,000 தட்டுகளையும் தாண்டலாகாது. இடையிடையே ஓய்வும் வேண்டும். இங்கு ஆராயப்பட்டது ஊழியரின் நரம்பன்று, வேலையின் அளவு.

ஐரோப்பிய சமூகம் 1990இல் பிறப்பித்த பணிப்புரை மேலும் ஒரு படி சென்றது. உயரம் மாற்றத்தக்க கதிரை, சாய்க்கவும் திருப்பவும் கூடிய திரை, திரையினின்றும் பிரிந்த விசைப்பலகை, அதன்முன் கைகளை ஊன்ற இடம் ஆகியவற்றை அளித்தல் வேலைகொள்வோரின் கடமையாயிற்று. திரைவேலைக்கு இடையிடையே ஓய்வோ மாற்றுவேலையோ தரல் வேண்டும் என்றும் அது விதித்தது.

ஐக்கிய அமெரிக்காவிலோ, இத்தகைய நோவுகளைத் தடுக்கும் விதியொன்று 2000 நவம்பரில் வெளியாயிற்று. செலவு மிகும் என முதலாளிகளின் சங்கங்கள் எதிர்த்தன. 2001 மார்ச்சில் காங்கிரஸ் அதனை நீக்கிற்று. ஜனாதிபதி புஷ் ஒப்பமிட்டார். கதிரையின் உயரமும் அரசியலுக்குப் புறம்பானதன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இன்று ஆசிரியரும் மாணவரும் பயன்படுத்தும் மடிக்கணினியில் திரையும் விசைப்பலகையும் மீண்டும் ஒன்றாகிவிட்டன. கைக்கு ஏற்ப வைத்தால் கழுத்துக் குனிகின்றது. கண்ணுக்கு ஏற்ப உயர்த்தினால் தோள் தூக்குகின்றது. பரிகாரம் அரிதன்று. திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்தளவில் இருக்குமாறு சில தடித்த புத்தகங்களின் மேல் கணினியை வைத்து, வேறொரு விசைப்பலகையை இணைத்துக்கொள்ளலாம். முழங்கை ஏறக்குறையச் செங்கோணமாக மடங்கவும், மணிக்கட்டு நேராக இருக்கவும், பாதங்கள் நிலத்திற் படியவும் வேண்டும்.

இவ்வளவையும் தனியொருவர் தம் மேசையிற் செய்துகொள்ளலாம். ஆனால், வேலையின் அளவையும் ஓய்வின் நேரத்தையும் தனியொருவர் வகுத்துக்கொள்ள இயலாது. ரமாசினி கூறிய மூன்று காரணங்களுள் எதனையும் கதிரை மட்டும் நீக்காது. எனவே, நல்ல கதிரையைக் கேட்கும் சங்கம், அதனினின்று எழுந்து நடப்பதற்கான நேரத்தையும் சேர்த்தே கேட்டல் வேண்டும்.