திருகோணமலைத் துறையும் தாழிட்ட வாயிலும்

அரும்பொருளைக் காப்பதற்கு உயர்ந்த மதில் வேண்டும் என்பது பொதுவான எண்ணம். திருகோணமலையின் வரலாறோ வேறொரு பாடம் புகட்டுகின்றது. மதில் எத்துணை வலிதாயினும், பகைவன் புகும் வழியிலேயே மாற்றுப்படியும் இருக்குமாயின் இரண்டும் ஒருங்கே அழியும். இவ்வுண்மை கோயிலுக்கும் கப்பற்படைக்கும் பொருந்தியவாறே இன்றைய கணினிக்கும் பொருந்தும்.

1620களில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா கோணேசர் கோயிலை இடிப்பித்தான். அதன் கற்கள் கோட்டை கட்டப் பயன்பட்டன. பின்னாளில் பிறெட்றிக் கோட்டை எனப் பெயர்பெற்றது அவ்விடத்துக் கோட்டையேயாம். அழிவுக்கு முன்னர் அடியார்கள் திருவுருவங்கள் சிலவற்றை மண்ணுள் மறைத்தனர் என்பது மரபு. 1950ஆம் ஆண்டு கிணறு தோண்டியபோது சோமாஸ்கந்தர், சந்திரசேகரர் முதலிய செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. 1963இல் புதுக்கோயிலின் குடமுழுக்கு நிகழ்ந்தது. மேலே இருந்தவை அழிந்தன. வழியறுத்து வைக்கப்பட்டவை எஞ்சின. எனினும் மூன்று நூற்றாண்டுக்கு மேலாக அவற்றால் எவர்க்கும் பயனில்லை. இடமறிந்தோர் மறைந்தபின், மீட்கும் வழியும் மறைந்தது. தனிமை காக்கும், ஆயின், திறக்கும் காலம் குறியாத தனிமை இழப்பையே ஒக்கும்.

1942ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் இத்துறைமுகம் வேறொரு சோதனையை எதிர்கொண்டது. ஏப்பிரல் 5ஆம் நாள் யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. அவ்வேளை ஆங்கிலேயரின் கீழைக் கடற்படையின் பெரும்பகுதி கொழும்பிலும் இல்லை, திருகோணமலையிலும் இல்லை. யப்பானியர் அறியாத மாலைதீவின் அட்டு பவளத்தீவில் இரகசியத் தளம் ஒன்று அமைக்கப்பட்டிருந்தது. 8ஆம் நாள் எச்சரிக்கை கிடைத்ததும் திருகோணமலைத் துறையிலிருந்தும் கப்பல்கள் வெளியேற்றப்பட்டன. மறுநாள் துறைமுகம் தாக்குண்டது. வெளியேறிய விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மீஸ் பகைவர் கண்ணிற்பட்டு மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. வாயிலைக் கடத்தல் மாத்திரம் போதாது. எட்டாத இடத்தை அடைதலும் வேண்டும் என்பது இதனால் பெறப்படும்.

கணினி வலையமைப்பிலும் வாயில்கள் ‘போர்ட்’ என்றே வழங்கப்படுகின்றன. துறைமுகத்துக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயரும் அதுவே. காப்புப்படி சேமிக்கும் கணினியை இணைக்கும் வாயில் எந்நேரமும் திறந்திருப்பின், முதன்மைக் கணினியைப் பற்றிய கப்பம் கோரும் தீநிரல் அவ்வழியே சென்று காப்புப்படியையும் பூட்டிவிடும். ஆதலின், அவ்வாயிலை எப்போதும் மூடிவைத்து, நள்ளிரவில் குறித்த நேரத்துக்கு மட்டும் திறந்து, படியெடுத்தவுடன் மீண்டும் தாழிடும் முறை கையாளப்படுகின்றது. தாழைத் திறக்கும் அதிகாரம் முதன்மைக் கணினியிடம் இருத்தலாகாது. திறந்த வேளையிலும் பகை நுழையக்கூடும் என்பதால் பழைய படிகளையும் அழியாது வைத்தல் வேண்டும்.

இஃது ஏட்டளவான அச்சமன்று. 2023 ஓகத்தில் இலங்கை அரச மேகக்கணிமைத் தொகுதியைக் கப்பத் தீநிரல் தாக்கியது. ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிப்புற்றன. தொகுதி மீட்கப்பட்டபோதும், மே 17 முதல் ஓகத்து 26 வரையான கடிதங்களுக்குக் காப்புப்படி இல்லாமையால் அவை திரும்பவில்லை. மூன்று மாதங்களுக்கு மேற்பட்ட அரச அலுவல்களின் எழுத்துச் சான்று இவ்வாறு அழிந்தது. அதன் பின்னரே வலையிலிருந்து துண்டித்த காப்புப்படியை நாள்தோறும் எடுக்கும் ஏற்பாடு பேசப்படலாயிற்று.

கோணேசர் திருமேனிகள் மூடியே கிடந்து பயனிழந்தன. 2023இன் கடிதங்கள் உரிய காலத்தில் படியெடுக்கப்படாமல் மறைந்தன. இவ்விரண்டுக்கும் இடைப்பட்டதே நல்வழி: காலம் குறித்துத் திறத்தல், கடமை முடிந்ததும் தாழிடல், மீட்க இயலுமா என்பதை அவ்வப்போது சோதித்தல். பல்கலைக்கழக ஆய்வேடுகளும் ஆவணங்களும் கணினியில் குவியும் இக்காலத்தில், இவ்வொழுங்கை மேற்கொள்வது வரலாறு கற்போர்க்கும் உரிய கடனாகும்.