டிராம் போன ஊருக்கு மின்பேருந்து வந்த கதை

சென்னையில் முதன்முதலில் மின்சாரத்தில் ஓடிய வண்டி எது என்று நண்பர்களிடம் கேட்டுப் பாருங்கள். சின்னப் பசங்க மெட்ரோ என்பார்கள். கொஞ்சம் வயதானவர்கள் தாம்பரம் மின்சார ரயில் என்பார்கள். இரண்டுமே இல்லை. 1895 மே மாதமே மெட்ராஸ் தெருவில் மின்சார டிராம் ஓட ஆரம்பித்துவிட்டது. லண்டனில் மின் டிராம் முறையான சேவையாக வந்தது 1901இல்தான். நம்ம ஊர் ஆறு வருஷம் முந்திக்கொண்டது!

கொஞ்ச நாளாகப் பழைய மின்சார வரலாற்றைத் துருவிக்கொண்டிருக்கிறேன். காரணம் இருக்கிறது. பருவநிலை மாற்றம் பற்றிப் பேசுகிறவர்கள் பலரும் சொல்லும் வழி, எல்லாவற்றையும் மின்சாரத்துக்கு மாற்றுங்கள் என்பது. வீட்டு அடுப்பு, வண்டி, தொழிற்சாலை, எல்லாமே. இனிமேல்தான் நடக்கப்போகிற விஷயம் போல இது பேசப்படுகிறது. ஆனால் தமிழ்நாட்டில் இது ஏற்கெனவே ஒரு சுற்று நடந்த கதை. அதிலிருந்து கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

முதலில் டிராம். ஆரம்பத்தில் அதற்கான மின்கம்பி தலைக்கு மேல் இல்லை, சாலைக்கு அடியில் ஒரு குழியில் ஓடியது. மழைக்காலத்தில் அந்தக் குழிக்குள் தண்ணீர் புகுந்தால் என்ன ஆகும்? மெட்ராஸ் மழையை ஒருமுறை பார்த்தவர்களுக்கே பதில் தெரியும். பிறகு கம்பியை மேலே கொண்டுபோனார்கள். அரை நூற்றாண்டுக்கு மேல் டிராம் ஓடியது. கடைசியில் பேருந்துகளின் போட்டி, தொழிலாளர் தகராறு, கம்பெனியின் நஷ்டம் எல்லாம் சேர்ந்து 1953 ஏப்ரலில் நின்றுபோனது. சென்னை மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் மின்பேருந்துகள் ஓடத் தொடங்கியது 2025 ஜூனில். நடுவில் 72 வருஷம் ஊரின் சாலைப் போக்குவரத்து டீசலை நம்பியே இருந்தது. மின்மயமாவது ஒருவழிப் பாதை இல்லை, திரும்பியும் போக முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஆனால் 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு வந்த மீட்டர்கேஜ் மின்சார ரயில் பிழைத்துக்கொண்டது. எனக்குத் தோன்றும் காரணம் இது: ரயிலுக்குத் தனிப் பாதை இருந்தது. டிராமோ அதே சாலையில் பேருந்தோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

சரி, அந்த மின்சாரம் எங்கிருந்து வந்தது? அன்றைய மெட்ராஸின் மின்சாரம் பேசின் பிரிட்ஜில் நிலக்கரியை எரித்துத் தயாரானது. புகை ஒழியவில்லை, இடம் மாறியது, அவ்வளவுதான்.

கோயம்புத்தூர் கதை நேர் எதிர். அங்கே நிலக்கரிச் சுரங்கம் பக்கத்தில் எதுவும் கிடையாது. நீராவியில் ஆலை ஓட்டினால் கரி வெகுதூரத்திலிருந்து ரயிலில் வர வேண்டும். பக்கத்திலேயே நீலகிரி இருந்தது. பைக்காரா ஆற்றுத் தண்ணீரைச் சுமார் 3,000 அடி உயரத்திலிருந்து குழாயில் இறக்கி மின்சாரம் எடுக்கும் திட்டத்தை மெட்ராஸ் அரசு கையில் எடுத்தது. அரசுக்குள் அதற்காக நின்றவர் சர் சி.பி. ராமசாமி ஐயர். 1932இல், உலகமே பொருளாதார மந்தத்தில் கிடந்தபோது, பைக்காரா மின்சாரம் வர ஆரம்பித்தது.

அதற்குப் பிறகு கோவையில் பஞ்சாலைகள் பெருகின. சொந்தமாகக் கொதிகலன் வைக்க வசதியில்லாதவரும் கம்பி இழுத்து மோட்டார் மாட்டித் தொழில் தொடங்க முடிந்தது. 1937இல் டி. பாலசுந்தரம் நாயுடு கோவையிலேயே மின் மோட்டார் செய்தார். மோட்டாரும் பம்பும் செய்கிற ஊராகக் கோவை வளர்ந்தது இப்படித்தான். பருவநிலை என்ற பேச்சே இல்லாத காலம் அது. புகையில்லாத மின்சாரத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் செலவுக் கணக்கு மட்டுமே.

அந்தப் பம்பு கிராமத்துக்கும் போனது. எங்க அப்புச்சி சின்ன வயதில் கவலை ஓட்டியவர். விடியுமுன் மாடுகளைப் பூட்டி, முன்னும் பின்னும் நடத்தி, கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்க வேண்டும். மோட்டார் வந்த நாளைப் பற்றிக் கேட்டால், "மாட்டுக்கும் எனக்கும் அன்னிக்குத்தான் லீவு கெடச்சுது" என்பார். 1984இல் சிறு விவசாயிகளுக்கும் 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானது. கொங்குப் பகுதியின் பல கிணறுகள் பிறகு வறண்டன, ஆழ்துளைக் கிணறுகள் ஆழமாகிக்கொண்டே போயின. விவசாயியைக் குறை சொல்லவில்லை. கையில் இருக்கும் கருவி சுலபமானால் யாரும் கூடுதலாகத்தான் பயன்படுத்துவோம்.

இந்தக் கதையில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது அடுத்து நடந்ததுதான். தேவை ஏறிக்கொண்டே போக, மலைத் தண்ணீர் மட்டும் போதவில்லை. 1962இல் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி மின்சாரம் வந்தது. 1970இல் எண்ணூர் அனல்மின் நிலையம் வந்தது. பைக்காரா தண்ணீரில் சுற்றிய ஆலை மோட்டார் இப்போது கரியிலும் சுற்றியது. ஒரு திருகாணியைக்கூட மாற்றவில்லை. ஆலைக்காரருக்கு வித்தியாசமே தெரிந்திருக்காது.

மின்மயமாக்கலின் பலம் இதுதான், பலவீனமும் இதுதான். டீசல் எஞ்சின் வாங்கினால் அதன் ஆயுள் முழுக்க எரிபொருளுக்குக் கட்டுப்பட்டுவிடுகிறோம். மோட்டார் அப்படியில்லை. கம்பியின் மறுமுனையில் எதை மாட்டுகிறோமோ அதில் ஓடும். முப்பந்தல் காற்றாலையை மாட்டினால் காற்றில் ஓடும், எண்ணூரை மாட்டினால் கரியில் ஓடும். 1932இல் சுத்தமாக இருந்த மின்சாரம் முப்பது நாற்பது வருஷத்தில் கரி கலந்ததாக மாறியது. அதே வழியில் திரும்பியும் வரலாம். ஆனால் தானாக வராது.

வீட்டுக்குள்ளும் வேலை பாதியில் நிற்கிறது. விளக்கு மாறியது, ஆட்டுக்கல் கிரைண்டராக மாறியது. அடுப்பு மட்டும் விறகிலிருந்து மண்ணெண்ணெய்க்கும், அங்கிருந்து கேஸுக்கும் வந்து நின்றுவிட்டது. எங்க வீட்டில் போன வருஷம் இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கினோம். தோசை மட்டும் இன்னும் கேஸில்தான்.

அடுத்த தடவை மின்பேருந்தில் ஏறினால் இரண்டு கேள்விகளை மனதில் வையுங்கள். இதற்கு மின்சாரம் கொடுப்பது எது? நஷ்டம் வந்தால் இதையும் டிராம் மாதிரி நிறுத்திவிடுவோமா? 1895இல் முந்திக்கொண்ட ஊர் இந்த இரண்டையும் கேட்கத் தவறியது.