அழைப்புப் பெறாத வெற்றியாளர்



விளையாட்டு வரலாற்றிலே பெரும்பாலும் ஆடி வென்றவர்களின் பெயர்களே நிலைத்து நிற்கின்றன. ஆயின், தான் ஆடாத ஓர் ஆட்டத்தினால் நினைவுகூரப்படும் அணியும் ஒன்று உண்டு. அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள சன் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்தின் 1951ஆம் ஆண்டு உதைபந்தாட்ட அணியே அது.

உதைபந்தாட்டம் என்று நாம் வழங்குவது வேறு. அமெரிக்கர் அப்பெயரால் குறிப்பது வேறு. அவர்களது ஆட்டத்தில் முட்டை வடிவான பந்தைக் கையில் ஏந்தி, எதிரணியினரின் தடுப்பை ஊடறுத்து ஓடி, எல்லைக் கோட்டைக் கடத்தல் வேண்டும். பருவ முடிவில், புத்தாண்டையொட்டி, சிறந்த கல்லூரி அணிகளை அழைத்து 'பௌல்' ஆட்டங்கள் எனப்படும் சிறப்பு ஆட்டங்களை நடத்துவர். அவற்றில் ஆடும் கல்லூரிக்குப் புகழும் வரும், பொருளும் வரும்.

சன் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகம் இயேசு சபைத் துறவிகளால் 1855இல் தொடங்கப்பெற்றது. ஜோ குஹாரிச் என்பவர் பயிற்றுவித்த அதன் அணி, 1951இல் ஆடிய ஒன்பது ஆட்டங்களிலும் வென்றது. நியூயோர்க் சென்று போடம் பல்கலைக்கழகத்தை 32-26 என்றும், பசிபிக் கல்லூரியை 47-14 என்றும், இறுதியாக லொயோலாவை 20-2 என்றும் அது தோற்கடித்தது. அணியின் முதன்மை வீரரான ஒலி மாட்சன், அப்பருவத்தில் பந்தை ஏந்தி 1,566 யார் தூரம் ஓடி, நாட்டின் கல்லூரி வீரர் அனைவரிலும் முதலிடம் பெற்றார்.

இத்தகைய அணிக்குப் 'பௌல்' அழைப்பு ஒன்று வந்தே தீரும் என்று பலரும் எதிர்பார்த்தனர். ஆனால், அவ்வாட்டங்கள் பல நடைபெற்ற தென் மாநிலங்களில் நிறவேற்றுமை அக்காலத்தில் வேரூன்றியிருந்தது. மாட்சனும், தடுப்பு வீரர் பேர்ல் டோலரும் கறுப்பினத்தவர்கள். மாட்சன் பிறந்தது டெக்சசில். டோலர் பிறந்தது டெனசியில். இருவருமே தென்னாட்டு மண்ணின் மைந்தர்கள் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. அவ்விருவரையும் விட்டு வருவதாயின் புளோரிடாவிலே ஆடலாம் என்ற நிபந்தனை தங்கள் முன் வைக்கப்பட்டதாக அணியினர் பிற்காலத்திற் கூறினர். அவர்கள் அதற்கு இணங்கவில்லை. சென்றால் எல்லோரும் செல்வோம். இன்றேல் எவரும் செல்லோம் என்பதே அவர்களின் முடிவாயிற்று. அதைப் பற்றி நெடிய விவாதமேனும் நடந்ததில்லையாம்.

அம்முடிவுக்கு அவர்கள் கொடுத்த விலை சிறிதன்று. கல்லூரியின் உதைபந்தாட்டம் ஏற்கெனவே பணமுடையில் இருந்தது. சிறப்பு ஆட்டத்தின் வருவாய் கைகூடாத நிலையில், அப்பருவத்தோடு பல்கலைக்கழகம் தன் அணியைக் கலைத்துவிட்டது. தோல்வியே காணாத அணி, மறு ஆண்டிலே இல்லாத அணியாயிற்று.

ஆயினும் அணி கலைந்ததே யன்றி, ஆட்டக்காரர் மங்கவில்லை. மாட்சன் 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக் போட்டியில் ஓட்டத்தில் இரு பதக்கங்கள் வென்றார். அவரும், ஜீனோ மார்கெட்டி, பொப் சென் கிளெயர் என்போரும் தொழில்முறை உதைபந்தாட்டத்தின் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றனர். ஒரே கல்லூரி அணியிலிருந்து மூவர் அவ்வாறு உயர்ந்தமை அரிய செய்தியாகும். அவ்வணியின் செய்திகளைப் பத்திரிகைகளுக்கு அனுப்பிவந்த இளைஞரான பீட் ரோசல், 1960 முதல் 1989 வரை தேசிய உதைபந்தாட்டச் சங்கத்தின் தலைமைப் பொறுப்பை வகித்தார். முழங்காற் காயத்தினால் தொழில்முறை ஆட்டத்திற் புகமுடியாத டோலரோ, 1965இல் அச்சங்கத்தின் முதலாவது கறுப்பின நடுவரானார். தமது நகரிலே பாடசாலை அதிபராகவும் பணியாற்றினார். ஒருகாலத்தில் மைதானத்துள் வரவேண்டாம் என விலக்கப்பட்டவர், பின்னாளில் மைதானத்திலே நீதி வழங்கும் நிலைக்கு உயர்ந்தார்.

2006இல், அப்பல்கலைக்கழகம் தன் பழைய அணியினருக்குக் கௌரவக் கலாநிதிப் பட்டங்கள் வழங்கியது. ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழிந்தபின் வந்த மதிப்பு அது.

அவ்வாண்டுப் 'பௌல்' ஆட்டங்களில் வென்றவர் யாவர் என்பதை இன்று நினைவில் வைத்திருப்போர் மிகச் சிலரே. அழைப்புப் பெறாத அணியோ மறக்கப்படவில்லை. ஒன்பது வெற்றிகள் அவர்களின் ஆற்றலைக் காட்டின. ஆட மறுத்த அந்த ஓர் ஆட்டம் அவர்களின் பண்பைக் காட்டியது. தோழனைப் புறத்தே நிறுத்திப் பெறும் பரிசு பரிசாகாது என்பதை, மேடையேறிப் பேசாமலே, அவ்விளைஞர்கள் உணர்த்திச் சென்றனர்.