கட்கியிலிருந்து சென்ற புள்ளியும் கோடும்

சென்னையிலிருந்து மும்பைக்கு ரயிலேறும் நம்மவர்க்குத் தௌண்டும் கட்கியும் புதிய பெயர்கள் அல்ல. சோலாப்பூரைத் தாண்டியபின் வருவது தௌண்டு. புனே நகரை விட்டதும் கட்கி. கட்கி என்றதும் கன்டோன்மெண்டும் வெடிமருந்துத் தொழிற்சாலையுமே நினைவுக்கு வரும். இந்தியாவை இங்கிலாந்துடன் கம்பியின்றி இணைத்த ஊரும் அதுவே என்பதைப் பலர் அறியார்.

1927 ஜூலை 23 அன்று இர்வின் பிரபு, ஐந்தாம் ஜார்ஜ் மன்னருடன் வாழ்த்துப் பரிமாறி அத்தந்தித் தொடர்பைத் தொடங்கி வைத்தார். மும்பை வானொலி நிலையம் பிறந்ததும் அதே நாளில்தான்! சிற்றலைகளைக் கலங்கரை விளக்கின் ஒளிபோல் ஒரே திசையில் குவித்து அனுப்பும் மார்க்கோனியின் முறை அது. அனுப்பும் நிலையம் கட்கியில், வாங்கும் நிலையம் தௌண்டில். உள்ளூர் அலையின் முழக்கத்தில், கடல் கடந்து வரும் மெல்லலை அமிழ்ந்துவிடக் கூடாதல்லவா?

மன்னரின் வாழ்த்தைச் சரித்திரம் குறித்து வைத்தது. அதைச் சுமந்த மின்துடிப்பைப் பற்றிப் பேசுவார் இல்லை. நமக்கோ அதுவே சுவையான செய்தி. நம் இலக்கணத்தில் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. மோர்ஸ் தந்தியிலோ புள்ளிக்கு ஒன்று, கோட்டுக்கு மூன்று. இடைவெளிக்கும் அளவு உண்டு. நிமிடத்திற்கு 100 சொற்கள் செல்ல வேண்டுமாயின், ஒரு புள்ளி ஒரு விநாடியை ஆயிரமாக வகுத்ததில் 12 பங்கு நேரமே நிற்கலாம். மனித விரலுக்கு இயலும் வேகமா அது? ஆகவே செய்தியைக் காகித நாடாவில் துளைகளாக இட்டு, வீட்ஸ்டன் கருவியில் ஓட்டினர். ஒரு வரிசைத் துளையில் ஊசி நுழைந்தால் துடிப்பு தொடங்கும். மறு வரிசையில் நுழைந்தால் நிற்கும். வான்வெளி கலங்கிய வேளையில் நாடாவின் ஓட்டத்தைக் குறைத்தாக வேண்டும். இல்லையேல் புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கோடாகிவிடும்; ஒரு வியாபாரி கேட்ட விலையே மாறிப்போகும்.

கடலடித் தந்திக் கம்பெனிகளுக்கு இது பெரும் போட்டியாயிற்று. 1932-இல் இந்தியாவில் இரு தொழில்களும் ஒரே கம்பெனியாயின. 1947 ஜனவரி 1 அன்று அரசாங்கமே அதனை ஏற்றுக்கொண்டது.

துடிப்பின் கால அளவை நிறுத்தும் அந்த வேலையை இன்று விரல்நகம் அளவே உள்ள 555 என்னும் சில்லு செய்கின்றது. ஹான்ஸ் காமன்சிண்ட் 1971-இல் வகுத்த இது, 1972-இல் அமெரிக்காவின் சிக்னெடிக்ஸ் கம்பெனியால் விற்பனைக்கு வந்தது. மின்தேக்கி ஒன்று மின்தடை வழியே நிரம்புவதும் வடிவதுமே இதன் கடிகாரம். 1 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும், 1 கிலோ ஓம், 17 கிலோ ஓம் மின்தடைகளும் சேர்ந்தால், மேற்சொன்ன 12 பங்கு நேரத் துடிப்பு ஏறக்குறைய அப்படியே கிட்டும். சென்னை ரிச்சித் தெருவை ஒத்த புனேயின் தாப்கீர் சந்தில், திருகுடன் கோத்த பலகையாகவே இதை வாங்கலாம். திருகைச் சற்றே திருப்ப, நாடாவை மெதுவாக ஓட்டியதுபோல் துடிப்பு நீள்கின்றது.