ஜப்பானியத் தோட்டமும் ஆற்றுப்படுகை மக்களும்

வட்டக்கானலில் வாழும் நமக்குக் கல்லும் பாசியும் மூடுபனியும் புதியன அல்ல. ஆயினும் கல்லையும் பாசியையும் மட்டுமே கொண்டு ஒரு நாடு தன் கலைச் சிறப்பை உலகுக்குக் காட்டியிருக்கிறது என்று அறியும்போது நமக்கு வியப்பு உண்டாகிறது. ஜப்பான் நாட்டின் பழைய தலைநகராகிய கியோத்தோவில் ரியோஆன்ஜி என்னும் பௌத்த மடம் உள்ளது. 1450ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற அம்மடத்தில் ஒரு கல் தோட்டம் உண்டு. வெண்சரளையைப் பரப்பி, வரிவரியாக வாரிவிட்டு, இடையிடையே 15 பாறைகளை அமைத்திருக்கிறார்கள். மரமில்லை, பூவில்லை, நீருமில்லை. பாறைகளின் அடியில் சிறிது பாசி படர்ந்திருக்கும், அவ்வளவே. தாழ்வாரத்தில் அமர்ந்து நோக்குவோர்க்கு ஒரு பாறையேனும் மறைந்தே நிற்கும் என்பர்.

இத்தோட்டத்தின் படத்தை எட்டாம் வகுப்பில் ஒருநாள் காட்டினேன். "சார், இந்தக் கல்லையெல்லாம் யார் தூக்கி வைத்தது?" என்று ஒரு மாணவன் கேட்டான். ஜென் துறவிகள் என்று விடை கூறினேன். "சாமியாரா கல் தூக்கினார்?" என்றான் அவன். அவனுடைய தந்தை மலைப்பாதைகளில் தடுப்புச் சுவர் கட்டும் தொழிலாளி. நான் வாயடைத்துப் போனேன். அன்று தொடங்கிய தேடலின் பயனே இக்கட்டுரை.

கியோத்தோ நகரின் ஊடே காமோ என்னும் ஆறு ஓடுகிறது. வெள்ளம் வந்தால் அழியும் அதன் படுகைக்கு வரி கிடையாது. நம் ஊர் வழக்கில் சொல்வதானால் அது புறம்போக்கு. அங்கே குடியிருந்தோரை 'கவாராமோனோ', அதாவது ஆற்றுப்படுகை ஆட்கள், என்று இழிவாக அழைத்தனர். செத்த மாடு, குதிரைகளை அகற்றுவது, தோல் உரிப்பது, பதனிடுவது, கிணறு தோண்டுவது முதலியன அவர்களுடைய தொழில்கள். சாவும் குருதியும் தீட்டு என்று கருதிய சமுதாயம் அத்தொழில்களை அவர்கள் தலையில் கட்டிற்று. பின்னர் அத்தொழில்களைச் செய்வதையே காட்டி அவர்களை ஒதுக்கிற்று. இந்தக் கதையை நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

மண்ணும் கல்லும் அறிந்த அம்மக்களே தோட்ட வேலைக்கும் அழைக்கப்பட்டனர். மண் சுமந்தவர்கள் நாளடைவில் கலைஞர்களாயினர். அவர்களுள் தலையாயவர் ஜென்அமி. அந்நாட்டை ஆண்ட படைத்தலைவர் அஷிகாகா யோஷிமாசா அவரைப் பெரிதும் போற்றினார். அவர் நோயுற்றபோது மருந்து அனுப்பி நலம் கேட்டார். ஊரார் தொடக்கூசிய குலத்தவருக்கு நாடாள்வோர் மருந்து அனுப்பினார் என்பது சிறு செய்தியன்று. எனினும், கலைஞருக்குக் கிடைத்த மதிப்பு அவருடைய குலத்தார்க்குக் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். தொண்ணூறு வயதைக் கடந்து வாழ்ந்த ஜென்அமி 1482இல் மறைந்தார். அவ்வாண்டில்தான் யோஷிமாசா இன்று வெள்ளி மண்டபம் எனப்படும் கின்காக்குஜியைக் கட்டத் தொடங்கினார். (பெயரில்தான் வெள்ளி, மண்டபத்தில் வெள்ளித் தகடு பதிக்கப்படவேயில்லை.)

ஜென்அமியின் பேரன் மத்தாஷிரோவும் தோட்டக் கலைஞரே. 1489ஆம் ஆண்டில் அவர் ஒரு மடத்துத் துறவியிடம் மனம் விட்டுப் பேசியதை அத்துறவி தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். உயிர்க்கொலைத் தொழிலுக்குரிய குடியில் பிறந்ததை எண்ணி வருந்துவதாகவும், அதனால் எவ்வுயிரையும் கொல்வதில்லை, பொருளுக்கு ஆசைப்படுவதில்லை என்று உறுதி பூண்டிருப்பதாகவும் மத்தாஷிரோ கூறினாராம். இதைப் படித்தபோது எனக்குப் பெருமையினும் துயரமே மிகுந்தது. அத்தகைய கைத்திறன் உடையவரையும் தம் பிறப்பை எண்ணி நாணுமாறு அச்சமுதாயம் செய்துவிட்டதே!

புத்தர் நெறி பரவிய நாட்டில் தீண்டாமை எவ்வாறு வந்தது என்று நம் இளைஞர்கள் கேட்பர். அண்ணல் அம்பேத்கர் 1956இல் நாகபுரியில் தழுவிய நெறி அல்லவா அது! கொல்லாமை என்னும் அறம், அந்நாட்டின் பழைய தீட்டு நம்பிக்கையோடு கலந்தபோது, இறைச்சி உண்டவனை விட்டுவிட்டுத் தோல் உரித்தவனைப் பாவி என்றது. நல்ல நெறியும் ஆதிக்கத்தார் கையில் சிக்கினால் இவ்வாறு திரிந்துவிடும்.

1871இல் ஜப்பானிய அரசு இழிகுலப் பெயர்களைச் சட்டத்தால் ஒழித்தது. பழிச்சொல் மட்டும் ஒழியவில்லை. 1922 மார்ச் 3ஆம் நாள், அதே கியோத்தோ நகரில் அம்மக்கள் ஒன்று கூடி 'சுய்ஹெய்ஷா' என்னும் அமைப்பை நிறுவினர். எவரும் மேலன்று கீழன்று என நீர்மட்டம்போல் நிற்கும் சமநிலையை அப்பெயர் குறிக்கும். தம் பிறப்பை மறைக்காமல் அதைப் பெருமையாகவே கூறிக்கொள்ளும் காலம் வந்துவிட்டது என அன்று அறிவித்தனர். மத்தாஷிரோ நாணிய நாளுக்கும் அந்நாளுக்கும் இடையே நானூறு ஆண்டுகளுக்கு மேல் கடந்திருந்தன. போராட்டம் அத்துடன் முடியவுமில்லை. அம்மக்களின் குடியிருப்புகளைப் பட்டியலிட்ட நூல்கள், வேலைக்கு ஆள் எடுக்கும் நிறுவனங்களுக்கு மறைவாக விற்கப்பட்டது 1975இல் அம்பலமாயிற்று. 2016இல்கூட இக்கொடுமையை நீக்கத் தனிச்சட்டம் இயற்ற வேண்டியிருந்தது.

மீண்டும் ரியோஆன்ஜிக்கு வருவோம். அத்தோட்டத்தை வகுத்தவர் யார் என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் ஒரு பாறையின் பின்புறத்தில் இரண்டு பெயர்கள் செதுக்கப்பட்டுள்ளன. ஒன்று கோத்தாரோ. மற்றொன்றின் முதலெழுத்து தெளிவாக இல்லாமையால் அதனை ஹிக்கோஜிரோ எனச் சிலர் படிக்கின்றனர். இவர்கள் தோட்ட வேலை செய்த ஆற்றுப்படுகை மக்களே எனப் பலர் கருதுகின்றனர். தாழ்வாரத்தில் அமர்ந்து காண்போர் கண்ணுக்கு அவ்வெழுத்து தெரியாது.

நம் கொடைக்கானலில் ஏரிக்கு வழி செய்தவர் லெவிஞ்சு, ஆண்டு 1863. மலைவிளிம்பு நடைபாதைக்குக் கோக்கர், ஆண்டு 1872. இவை பள்ளிப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். மண் சுமந்தவர், கல் உடைத்தவர் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை.

கல்லின் பின்புறத்துப் பெயர்களைப் பற்றி அம்மாணவனிடம் கூறினேன். அவன் ஒன்றும் பேசவில்லை. மறுவாரம் ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினான். அவன் பாட்டி சொல்லச் சொல்ல எழுதியது. எந்தச் சாலையில், எந்த வளைவில் எவர் எவர் கல் பதித்தனர் என்று பதினொரு பெயர்கள். அத்தாள் இப்போது பள்ளிக் குறிப்பேட்டில் ஒட்டப்பட்டிருக்கிறது.