தூக்கிப் போடச் சொன்ன கல்



ராசிபுரம் பக்கம் நான் வேலை பார்த்த காலம். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன், கிணறு வெட்டும்போது கிடைத்த கல்லைக் கொண்டு வந்தான். அதில் மஞ்சளாக ஏதோ மின்னியது. "சார், இது தங்கமுங்களா?" என்றான். "பைரைட்டுடா. இரும்பும் கந்தகமும். முட்டாள்களின் தங்கம்னு பேரு. தூக்கிப் போடு" என்றேன். வகுப்பே சிரித்தது. அவன் தலை குனிந்து போய் உட்கார்ந்தான்.

நான் சொன்னது பாதி உண்மைதான் என்று ஓய்வு பெற்ற பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்.

எரிமலைப் பகுதிகளில் பூமிக்கடியில் ஓடும் கொதிநீரில், கந்தகத்தின் துணையோடு தங்கம் கரைந்திருக்கும். அந்தக் கந்தகம் பாறையிலுள்ள இரும்போடு சேர்ந்து பைரைட் ஆகும்போது, துணையிழந்த தங்கம் அதற்குள்ளேயே அடைபட்டுவிடும். கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய தங்கம் அது. பப்புவா நியூகினியின் லிகிர் தீவில், பழைய எரிமலை ஒன்றின் வாய்க்குள்ளேயே இப்படிப்பட்ட சுரங்கம் இருக்கிறது. அங்கே பிரஷர் குக்கர் போன்ற பெரிய கலன்களில் பைரைட்டை வேகவைத்துச் சிதைத்த பிறகுதான் தங்கத்தைப் பிரிக்கிறார்கள்.

நம் பக்கத்திலும் ஒரு கதை உண்டு. நீலகிரி மாவட்டத்தின் தேவாலா, பந்தலூரில் தங்கம் இருக்கிறது என்று 1880-ல் பிரஃப் ஸ்மித் அறிக்கை கொடுத்தார். லண்டனில் கம்பெனிகள் முளைத்தன, பங்குகள் பறந்தன. மேற்பரப்பில் துருப்பிடித்து உதிர்ந்த பாறையிலிருக்கும் தங்கத்தைப் பாதரசம் பிடித்துக்கொள்ளும். ஆழத்தில் பைரைட்டோடு இருப்பதைப் பிடிக்காது. சில ஆண்டுகளிலேயே கம்பெனிகள் கவிழ்ந்தன. சயனைடில் தங்கத்தைக் கரைக்கும் முறையை கிளாஸ்கோவில் மெக்ஆர்தரும் ஃபாரஸ்ட் சகோதரர்களும் கண்டுபிடித்தது 1887-ல்தான். ஆனாலும் பழியை முழுக்கப் பைரைட் மேல் போட முடியாது. 1901-ல் ஹேடனும் ஹாட்சும் ஆராய்ந்தபோது, அந்தப் பாறையில் தங்கத்தின் அளவே குறைவு என்று தெரிந்தது. ஆசைதான் அதிகம்.

கோலார் வேறு கதை. பழைய எரிமலைப் பாறை, வளமான தங்கம். 2001-ல் மூடும்வரை 800 டன்னுக்கு மேல் கொடுத்தது. உழைத்தவர்களில் பெரும்பாலோர் நம் தமிழ் மக்கள். சயனைடில் அலசிக் கொட்டிய மண் இன்றும் அங்கே மேடுமேடாகக் கிடக்கிறது. காற்றடித்தால் அந்தத் தூசி வீடுகளுக்குள் வருகிறது.

அந்தப் பையனின் கல்லில் தங்கம் இருந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் அவன் கேட்டது நல்ல கேள்வி. "மெருகில்லாத ஓட்டில் தேய்த்துப் பார். கறுப்புக் கோடு விழுந்தால் பைரைட், மஞ்சள் கோடு விழுந்தால் தங்கம்" என்று சொல்லியிருந்தால், அவனே கண்டுபிடித்திருப்பான். வகுப்பும் சிரித்திருக்காது.

கண்ணு, நீ இதைப் படித்தால் சாரை மன்னித்துவிடு. இன்று ஆசிரியராக இருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை: பிள்ளைகள் கல்லைக் கொண்டுவந்தால் முதலில் கையில் வாங்கிப் பாருங்கள்.